இரண்டு பாரங்கள்

அக்னி நட்சத்திரம். முழங்கை பாரத்தில் ஒட்டுகிறது.
உரிக்கும்போது ஓர் எண் மங்குகிறது,
அவருடைய பென்ஷன் எண்.
அதன் மேலேயே அழுத்தி எழுதுகிறேன்.

செத்த வருஷத்துக்கு ரெண்டு கணக்கு, மதாம்,
என்றார் நிரப்பித் தர வந்த ஃபெலீசியன்.
மார்ச் பதினொன்று வரை நீங்கள் இருவர்,
பன்னிரண்டிலிருந்து ஒருத்தி.
பிரான்சு சர்க்கார் அப்படித்தான் கேட்கும்.

உயிர் போனது ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு.
பாரத்தின்படி பார்த்தால்
அதற்குப் பிறகும் இருபது நிமிஷம்
நாங்கள் கூட்டுக் கணக்கில் இருந்திருக்கிறோம்.
அந்த இருபதில்தான்
மோதிரம் கழற்ற நர்ஸ் சோப்பு கேட்டாள்.

முதல் பாரத்தில் கையெழுத்துக்கு இரண்டு கட்டம்.
ஒன்றில் போட்டேன்.
மற்றதில் கோடுகூடக் கிழிக்காதீங்க என்றார்.

ரங்கப்பிள்ளை வீதி தபாலாபீசில் கோந்து காய்ந்து கிடந்தது.
ஆன்லைனில் போடலாமேம்மா, என்கிறான் கவுன்டர் பையன்.
பாஸ்வேர்டு அவரோடு போச்சு தம்பி.

இரண்டையும் ஒரே கவரில்தான் வைத்தேன்.
தனித்தனியாக அனுப்பச் சொல்லியிருந்தார் ஃபெலீசியன்.
ஓரத்தை நக்கி ஒட்டினேன்.
நாற்பத்தாறு கிராம்.