உலர் எடை

ஹாமில்டனில் விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
பார்ட்டன் தெருவில் பனிவாரும் வண்டி
உப்பை இறைத்துக்கொண்டு போகிறது.
உள்ளே எடைமேடை.
கோட்டைக் கழற்றி, சப்பாத்தைக் கழற்றி
ஒவ்வொருவராய் ஏறி நிற்க
நான் சத்தமாய் வாசிக்கிறேன்:
பரராஜசேகரம், எழுபத்தொரு கிலோ நானூறு.
இடலீனா ஃபுர்டாடோ, ஐம்பத்தெட்டு.
வில்பர் டான்ஸ்லி, நூற்றுநான்கு.
"ஹெவிவெயிட்" என்பார் இடலீனா,
செவ்வாய் வியாழன் சனி, தவறாமல்.
தண்ணீர் போக எவ்வளவு மனிதன் மிஞ்ச வேண்டும் என்பது
அவரவர் அட்டையில் இருக்கிறது.

நாலு மணி நேரம்.
ரத்தம் வெளியே போய்ச் சலித்துத் திரும்பும்வரை
ஒருவரும் எங்கும் போக முடியாது.
அதனால்தான் அந்தச் சண்டை.

ஆம்புரோஸ் கெட்டில், ஐம்பத்தொன்பதின் சாம்பியன்.
எதிரே டெஸ்மண்ட் ரூக், எழுபத்தாறின் சாம்பியன்.
இருவரும் செத்து வருடங்களாயிற்று.
என்றாலும் கெட்டிலின் இடக்கை பற்றிப் பேசும்போது
பரராஜசேகரத்துக்குப் பிரஷர் பத்துப் புள்ளி ஏறும்.
குறித்துக்கொள்கிறேன்,
காரணம் எழுதுவதில்லை.

"எந்த விதியிலை?" என்று தொடங்குவார்
(அவருடைய ஆங்கிலமும் எனக்கு
யாழ்ப்பாணமாய்த்தான் கேட்கும்).
"பதினைஞ்சு ரவுண்டோ, பன்னிரண்டோ?
கெட்டில் பகலிலை மீன்பெட்டி தூக்கினவன்.
உங்கடை ரூக்குக்குச் சோறு அளந்து போடவே ஒராள்."
இடலீனா விடமாட்டார்.
ரூக் பதினைந்து கிலோ கூட, ஒரு சாண் உயரம் கூட,
கெட்டில் கிட்ட வருவதற்குள் பொழுது விடிந்துவிடும்.
"அப்ப கெட்டிலுக்கும் அந்தச் சாப்பாட்டைக் குடும்!"
"கொடுத்தால் அது கெட்டிலே இல்லை."
இந்த இடத்தில் இருவரும்
கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பார்கள்.

பந்தயம் ஐஸ்கட்டி.
ஆளுக்கு ஒரு கோப்பை, அதற்குமேல் நான் தரக்கூடாது.
சிறுநீரகம் போனவர்களுக்குத் தாகம்தான் காசு.
கெட்டில்மேல் ஆறு கட்டி, ரூக்மேல் ஏழு.
தீர்ப்புச் சொல்ல ஆளில்லாமல்
இரண்டு கோப்பையும் உருகும்.

வில்பர் அதுவரை வாய் திறந்ததில்லை.
ஜன்னலோரக் கதிரை,
உருக்காலைப் பக்கம் முகம்.
பெப்ரவரியில் ஒரு வியாழன்,
ஊசி குத்திய கையை அசைக்காமல்,
"அவர்கள் மோதியாயிற்று" என்றார்.

பயிற்சியில் கெட்டிலிடம் அடிவாங்க ஆள் தேவைப்பட்டது.
வயது பத்தொன்பது, ரவுண்டுக்கு மூன்று டாலர்.
ரூக்கிடமும் அதே வேலை,
வயது முப்பத்தாறு, ரவுண்டுக்கு இருபது.
இடது தாடையைத் தொட்டார்: இது கெட்டில்.
போர்வைக்கு மேலே வலது விலா: இது ரூக்.

பரராஜசேகரம் எழும்பப் பார்த்தார்.
"ஊசி!" என்று கத்தினேன்.
"ஆர் பலமா அடிச்சது? சொல்லும், ஆர்?"

"அடி ஞாபகமில்லை.
இரண்டு முறையும் கண் விழித்தபோது
ஒருவன் முகத்தருகே குனிந்து
இது எந்த வருடம் என்று கேட்டான்.
அதுதான் ஞாபகம்."

மயங்கிக் கிடந்தவர் சாட்சி செல்லாது
என்றார் இடலீனா.
என்றாலும் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தச் சொன்னார்.
அவருக்கும் அளவு உண்டு.
இரண்டு கட்டி வைத்தேன்,
குறிப்பேட்டில் அது இல்லை.

மூன்றாம் மணியில் வில்பருக்குப் பிரஷர் சரிந்தது.
எண்பதுக்கு நாற்பது. மணி அடிக்கிறது.
கதிரையைச் சாய்த்து, கால்களை உயர்த்தி,
உப்புநீரைத் திறந்துவிட்டு
அவர் முகத்தருகே குனிந்தேன்.
கேட்க வேண்டியவை மூன்று.
பெயர் சொன்னார். இடம் சொன்னார்.
மூன்றாவதைக் கேட்குமுன்பே
பக்கத்துக் கதிரைகள் மூச்சைப் பிடித்திருந்தன.

"ஐம்பத்தொன்பது" என்றார்,
உதட்டோரம் லேசாய்க் கோணியது.

"கெட்டில்!" என்று கூவி
ஐஸ் கோப்பைக்குக் கை நீட்டுகிறார் பரராஜசேகரம்.
நான் வில்பரின் மணிக்கட்டைப் பிடித்தபடி
இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.