ஆளுக்கு இரண்டு பெட்டி

செவ்வாய் இரவு வானொலி சொன்னது,
மாதத்துக்கு ஆளுக்கு இருநூறு தோட்டாதான்,
மசோதா குழுவைத் தாண்டிவிட்டது என்று.
புதன் காலை ஆறரைக்கே
கடை வாசலில் ஒன்பது வண்டிகள்,
என்ஜினை அணைக்காமல் புகை கக்கிக்கொண்டு.
நான் தள்ளவேண்டிய பனியை
யாரோ தள்ளி முடித்திருந்தார்கள்.
அவ்வளவு அவசரம்.

ஓரிகனின் கிழக்கு ஓரம்.
மாட்டுத் தீவனம், முள்கம்பி, கையுறை,
கடைசி அலமாரியில் தோட்டா.
பதினேழு வருடமாக இந்தக் கல்லாதான் எனக்கு.
அன்று தீவனத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆர்வில் டுவைட் முதலில் வந்தார்.
வருடத்துக்கு ஒரே பெட்டி வாங்குகிறவர்,
ஒரு மான் விழுந்ததும்
மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்கிறவர்.
"பத்துப் பெட்டி கொடு."
எதுக்கு என்றேன்.
"எதுக்கென்று இனி அவர்கள் கேட்பார்களே,
அதுக்குத்தான்.
என் உயிர் போனபிறகு வந்து எண்ணட்டும்."

மார்லிஸ் ஹூபர்
போட்டிக்குப் பெண்பிள்ளைகளைத் தயார் செய்கிறவள்.
"இருநூறா? அது சனிக்கிழமை காலை,
காப்பி ஆறுவதற்குள்.
மிச்ச நாளெல்லாம் பிள்ளைகள்
வாயாலேயே டுமீல் சொல்லட்டுமா?"

ஆட்டுப்பட்டி எச்செவெரி கத்தவில்லை.
போன வாரம் பதினோரு குட்டி போயிற்று.
"கயோட்டி என்ன, மசோதா படித்துவிட்டா வரும்?"
என்று மட்டும் கேட்டார்,
என்னிடமல்ல, தன் கையுறையிடம்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் நெட்டி க்ரோலி,
வீட்டில் இரண்டு துப்பாக்கி வைத்திருப்பவள்,
மெதுவாகத்தான் சொன்னாள்:
"இருநூறு போதாதா? யாரோடு யுத்தம்?"
வரிசை முழுக்கக் காதானது.
பின்னாலிருந்து ஒரு குரல்:
"நெட்டி, உன் பேருந்தில்தான்
என் பேத்தி வருகிறாள்."
அது மிரட்டலா, சம்மதமா,
இன்றுவரை எனக்குப் புரியவில்லை.
நெட்டிக்குப் புரிந்திருக்கலாம்.
அவள் பால் மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து மணிக்கு அலமாரி பல்லிளித்தது.
லாரி வெள்ளிக்கிழமைதான் வரும்.
தீவனப் பெட்டியின் மூடியைக் கிழித்து
தடித்த பேனாவால் எழுதி மாட்டினேன்:
ஆளுக்கு இரண்டு பெட்டி.

கணக்குப் போட்டால்
தலைநகரம் சொன்னதில் பாதிகூட இல்லை.
ஒருவரும் சத்தம் போடவில்லை.
"அதுதான் நியாயம்,
பின்னால் நிற்கிறவனுக்கும் வேண்டுமே" என்றார்கள்.
வண்டிவரை போயிருந்த ஆர்வில் டுவைட்
அட்டையைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டுத் திரும்பி வந்து,
பூட்ஸின் பனியை வாசலிலேயே தட்டிவிட்டு,
எட்டுப் பெட்டிகளையும் அலமாரியில் அடுக்கினார்,
எழுத்து முன்பக்கம் தெரியும்படி.
நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

சாத்தும் நேரத்தில் ஐவா தார்ன்.
வாங்க வரவில்லை.
கோட்டின் உள்பையிலிருந்து
ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள், ஐம்பது தோட்டாவுடையது.
ரசீதும் இருந்தது.
செப்டம்பர் மாதத்து ரசீது, என் கையெழுத்து.
அக்டோபரில் அவள் மகனைப் புதைத்தோம்.

விற்ற தோட்டாவைத் திருப்பி எடுப்பதில்லை,
அது கடை விதி,
அவள் தலைக்கு மேலேயே தொங்குகிறது.
எடுத்துக்கொண்டேன்.
நிறைந்த பெட்டி சத்தம் போடாது.
இது கையில் லேசாகக் கிலுங்கியது.

முழுப் பணத்தையும் நீட்டினேன்.
அவள் ஒரு தோட்டாவின் விலையைப் பிரித்து
கல்லாமேல் வைத்துவிட்டுப் போனாள்,
சில்லறையாக.

லாரி வந்துவிட்டது. அலமாரி நிறைந்துவிட்டது.
அட்டையை இன்னும் எடுக்கவில்லையே என்று கேட்கிறார்கள்.
எடுக்கவேண்டும்.