மூவர் வந்தால் ஒருவர்

இரண்டு இரவு, மூன்று பகல், தங்கல் இலவசம்.
'வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்' என்றது அழைப்பு.
பார்ப்பதுதானே என் பிழைப்பு.
முப்பத்தொரு வருடம் ஒஹையோவில்
எரிந்த வீடுகளுக்கு விலை போட்டவள் நான்.
சாம்பலைக் கிளறி
இது சோபா, இது பியானோ,
இது இல்லவே இல்லாத பியானோ என்று
பிரித்து எழுதியவள்.

தென் கரோலினாவின் சதுப்புக்கு நடுவே
சீப்பால் வாரிவிட்ட மாதிரி புல்.
ஓக் மரங்களில் நரைத்துத் தொங்கும் பாசி.
வாசல் காவலர் ஒடெல்
'ஹ்ருஷ்கா' என்ற எங்கள் பெயரைத் தடுக்காமல் சொன்னார்.
பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். குறித்துக்கொண்டேன்.

காரின், உறுப்பினர் சேர்க்கைக்குப் பொறுப்பானவள்,
பேட்டரி வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டினாள்.
நுழைவுக் கட்டணம் தொண்ணூறாயிரம் டாலர்.
மாதச் சந்தா தனி. வண்டிக்குத் தனி.
புயல் வந்தால் மணல் கொட்ட ஒரு நிதி.
சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்
மாதம் இருநூற்றைம்பது டாலருக்குச் சாப்பாடு.
'அதைக் கட்டணம் என்று நாங்கள் சொல்வதில்லை,
குடும்பமாக உட்காருவது என்போம்.'

நான் எழுதிக்கொண்டே வந்தேன்.
லைல் எழுதவில்லை.
குனிந்து
புல்லை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தான்.

ஏழாவது குழிக்கு அருகே ஒரு குளம்.
கரையில் கழற்றிப்போட்ட டயர் போல ஒரு முதலை.
'பெயர் கிளாடிஸ். யாரையும் ஒன்றும் செய்யாது.'
அப்போதுதான் கேட்டேன்:
இங்கிருந்து எப்படி வெளியே போவது?
'வந்த வாசல்தான்.'
இல்லை, சேர்ந்த பிறகு.

சிரிப்பில் ஒரு பல் குறைந்தது.
விலகல் பட்டியல் ஒன்று இருக்கிறதாம்.
புதியவர் மூவர் வந்தால் பழையவர் ஒருவர் போகலாம்.
அதுவரை சந்தா ஓடும்.
எத்தனை பேர் பட்டியலில்?
'இந்த வருடம் நன்றாகவே குறைந்திருக்கிறது.'
எத்தனை?
'அறுபத்து மூன்று.'
போன வருடம் சேர்ந்தவர்கள்?
'பதினெட்டு.'
வகுத்தேன். பத்தரை வருடம்.
கிளாடிஸ் ஒரு கண்ணை மூடித் திறந்தது.
முதலை கொண்டது விடாது.

இரவு, பக்கத்து மேஜையில் வினிஃபிரெட் பிளாண்ட்.
கணவர் போய் நான்கு வருடம்,
கோல்ஃப் மட்டையை ஆயுளில் தொட்டதில்லை,
வரிசையில் நாற்பத்தொன்று.
மாதக் கடைசி. கணக்கைத் தீர்க்க
ஒன்பது நண்டு கட்லெட் கட்டித் தரச் சொன்னாள்.
'ஒடெலுக்கு. அவனுக்குப் பிடிக்காது,
அவன் பூனைக்குப் பிடிக்கும்.'
என் முழங்கையைத் தொட்டுக் கிசுகிசுத்தாள்:
'சேர்ந்துவிடுங்கள் கண்ணே.
இன்னும் இரண்டு பேர் கிடைத்தால் நான் நாற்பது.'

மூன்றாம் நாள் காலை
காபிக் கோப்பை தட்டில் தாளம் போட்டது.
லைலின் வலது கையை
பார்க்காதது போலப் பார்த்தேன்.
மருத்துவர் அதற்குப் பெயர் சொல்லி ஐந்து மாதம்.
அதே கைதான்
ஏழாவது குழியில், முப்பதடி தள்ளி நின்று,
பந்தைத் தட்டியது.
சரிவில் வளைந்து, விளிம்பில் தயங்கி,
யோசித்து,
உள்ளே விழுந்தது பந்து.
மட்டையைப் பிடித்திருந்த வரை
கை நடுங்கவில்லை.
அவன் என் பக்கம் திரும்பவில்லை.
திரும்பாமல் இருக்கப் பாடுபட்டது முதுகில் தெரிந்தது.

பத்தரை வருடம்.
அந்த வரிசையில் நிற்கப்போவது
அவன் இல்லை என்று
வகுக்கும்போது எனக்குத் தோன்றவில்லை.

மதியம் கிளம்பினோம்.
படிவம் பின்னிருக்கையில், மடிக்காமல்.
காரினின் பேனா எப்படியோ என் கைப்பையில்.
வாசலில் பூனை முடி ஒட்டிய சட்டையோடு ஒடெல்,
விருந்தினர் அட்டையை வாங்கிக்கொண்டார்.
வெளியேறும் பக்கத்துத் தடுப்புக் கம்பி
யாரையும் ஒன்றும் கேட்காமல்
தானாக எழுந்தது.

'என்ன நினைக்கிறாய்?' என்றான் லைல்.
நெடுஞ்சாலை வரட்டும் என்றேன்.