அளவுகோல்: பெண்

காலை ஏழு பத்துக்கு
வெயில் அந்த மடிப்பின் மேல் சாய்வாக விழுகிறது.
ஏழரைக்குள் எல்லாம் தட்டையாகிவிடும்.
இடையில் உள்ள இருபது நிமிடம்தான்
சுண்ணாம்புப் பாறை தன் வரிகளை எண்ண விடும் நேரம்.

இகெர்மிலிருந்து தெற்கே, ஒன்பதாவது கிலோமீட்டர் கல்.
கீழே திராட்சைக் கசடு நிறத்தில் களிக்கல்,
மேலே சாம்பல் சுண்ணாம்பு,
நடுவில்
யாரோ பாயைச் சுருட்டப் போய்
கூப்பிட்ட குரலுக்குப் பாதியில் எழுந்துபோனதுபோல்
ஒரு மடிப்பு.

கைப்பிடி அளவு என்றால் ஒரு திர்ஹம் நாணயம் போதும்.
முழ அளவு என்றால் சுத்தியல்.
லென்ஸ் மூடியை வைத்தும் படமெடுத்திருக்கிறேன்,
மூடியைப் பாறையிலேயே மறந்தும் வந்திருக்கிறேன்.
மலை அளவுக்கு ஆள் வேண்டும்.
எங்கள் ஆள் பிஹி, ஓட்டுநர்.
அன்று பஞ்சர் ஒட்டப் போயிருந்தான்.

பாதாம் மூட்டையோடு கோவேறு கழுதையை ஓட்டிக்கொண்டு
இஜ்ஜா வந்தாள்.
கொஞ்சம் அங்கே நிற்க முடியுமா என்றேன்.
தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு
கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.
“என்னைப் பார்க்க வேண்டாம். பாறையைப் பாருங்கள்.”
“பாறையைத்தான் தினம் பார்க்கிறேனே,
நீதானே புதிது.”
என்றாலும் திரும்பிக்கொண்டாள்.
நான்கு முறை அழுத்தினேன்.
ஏழு இருபத்தெட்டு. வெளிச்சம் போனது.
கழுதை ஏற்கெனவே போயிருந்தது.

ஆய்விதழில் அது ஆறாவது படம்:
தென்மேற்கு நோக்கி. கவிழ்ந்த மடிப்பு.
அளவுகோல்: பெண், 1.65 மீ.
அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தேன்?
என் உயரத்திலிருந்து என்று நினைக்கிறேன்.
படத்தின் மேல் அவளை அடுக்கி அளந்தேன்,
தலைமேல் பாதம், தலைமேல் பாதம்.
எட்டரை இஜ்ஜா.
பதினான்கு மீட்டர் என்று எழுதிக் கோடு போட்டேன்.

அடுத்த பாதாம் பருவத்தில் இதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
மலையடிக் கூட்டுறவுச் சங்கத்தில்
தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.
இங்கே கடல் இருந்தது என்றேன்.
இருந்திருக்கும் என்று தலையாட்டினாள்.
அவள் விரல் நேரே அந்த எண்ணில் போய் நின்றது,
நாள் முழுக்கக் கிராம் பார்த்துப் பழகிய விரல்.
“யார் இது?”
“நீங்கள்தான்.”
“இது நானில்லை. என் அக்காளும் இல்லை.”
செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவுநிலையோடு ஒட்டி நின்றாள்.
என் பையிலிருந்த நாடாவை
என்னையே பிடிக்கச் சொன்னாள்.
ஒன்று ஐம்பத்திரண்டு.
“குதிகாலைத் தூக்கவில்லை, பார்த்துக்கொள்.”

பாதாம் ரசீதின் பின்புறத்தில் எட்டரையால் பெருக்கினேன்.
பன்னிரண்டு மீட்டர் தொண்ணூற்றிரண்டு.
ஒரு மீட்டருக்கும் மேலாக, இல்லாத சுண்ணாம்பை
அந்த மலைக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.
என் கணக்கில் பத்தாயிரம் ஆண்டுக் கடல் அது:
ஓர் அலையும் அடிக்காத கடல்,
ஒரு பாசியும் படராத கடல்.

திருத்தம் பிறகு மூன்று வரியில் வந்தது.
பிழைக்கு வருந்துகிறோம் என்று இருந்தது.
யாரிடம் என்று எழுத இடம் தரவில்லை.

நான் கிளம்பும்போது
இன்னொன்று எடு என்றாள்.
உச்சிவெயில். நிழல் இல்லை, வரி இல்லை,
அடுப்பில் மறந்த ரொட்டிபோல்
பாறை வெளிறிக் கிடந்தது.
நிழல் இல்லையே என்றேன்.
“எனக்கு எதற்கு நிழல்?”
சுத்தியலை வாங்கித் தோளில் சாத்திக்கொண்டு
மடிப்புக்கு முதுகைக் காட்டி நின்றாள்.
இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை.

எதற்கும் உதவாத படம்.
படுகை தெரியவில்லை, சாய்வு தெரியவில்லை,
திசைகூடக் குறித்துக்கொள்ளவில்லை.
பட்டியலில் 0388 என்ற எண் இருக்கிறது.
அளவுகோல் என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.

வலது ஓரத்தில்
கோவேறு கழுதையின் ஒரு காது,
அசைந்துவிட்டது.