தொண்ணூறா, நூற்றிநாற்பதா

றம்பொடை வளைவுகளில்
திருப்பத்துக்குத் திருப்பம்
பின்னால் யாரோ பல்லைக் கடிக்கிற சத்தம்.
கார் பாதி அவனுடையது, பாதி என்னுடையது.
சிவப்பு மட்டும் முழுக்க அவன் தெரிவு.

நானுஓயா கராஜில் ஜெசிந்தா
டிப்ரன்சல் ஆணியைக் கழற்றினாள்.
காந்த முனையில் சாம்பல் நிற மாவு.
மோந்து பார்த்தாள்:
"யார் ஊத்தினது இத?"
அமலதாசன் மழை வருமா என்று பார்த்தான்.

தலவாக்கலையில் மலிவாய்க் கிடைத்த நூற்றிநாற்பது.
லொறிக்கு அது தேன்.

"ஏத்தத்துக்கு கெட்டியா இருந்தா நல்லதுதானே?"
"விடியக்காலக் குளிர்ல இது அல்வா.
உள்ள தட்டு கொஞ்சம் வழுக்கணும்,
வழுக்கித்தான் பிடிக்கணும்.
எழுபத்தஞ்சு தொண்ணூறு ஊத்துங்க.
கூட இந்தச் சின்னப் போத்தல்."

விலை கேட்டு
இருவரும் ஒன்றாய் இருமினோம்.

ஜாக்கியில் நின்ற காரில்
ஒரு சக்கரத்தை நான் திருகினேன்,
மற்றதை அவன் விடாமல் பிடித்தான்.
முதலில் அடம்.
பிறகு எங்கோ நடுவில்
எண்ணெய்க்குள் ஒரு விட்டுக்கொடுப்பு.

"வெறும் திடல்ல எட்டுப் போடுங்க, மெதுவா.
தட்டுக்குள்ள எண்ணெய் இறங்கட்டும்."

பனிக்குள் நாலு எட்டு அவன்,
நாலு எட்டு நான்.
ஒன்பதாவதில் சத்தம் நின்றது.

அது யாருடைய முறை என்பதில்தான்
இன்னும் தகராறு.