மூடியோடு, மூடியில்லாமல்

நேற்று வடலூரில் ஒரு கல்யாணம்.
அதே கேமரா, அதே மெமரி கார்டு.
மாப்பிள்ளையின் தாய்மாமன் முறைக்கிற கடைசிப் படத்துக்கு
அடுத்த படமாக இந்தக் கல் வருகிறது.

பண்ருட்டிக்கு மேற்கே முந்திரித் தோப்பு நடுவில்
ஒன்றரை ஆள் உயரம்.
எழுத்து ஏதும் இல்லை.
யாருக்காக நட்டார்கள் என்று கேட்டால்
தோப்பில் எல்லோரும் பக்கத்திலிருப்பவரைப் பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு படமும் முந்தைய படத்தைப்
பாதிக்கு மேல் மூடியிருக்க வேண்டும் என்றார் பிலோமினா.
புதுச்சேரிக்காரர், ஆய்வாளர்.
ஓர் எட்டு, ஒரு கிளிக்.
நிழல் மட்டும் விழவே கூடாது.
அயர்லாந்தில் இதைப் படித்தாராம்,
அங்கே நட்ட கற்களுக்கும் பஞ்சமில்லை, மேகத்துக்கும்.
இங்கே சித்திரை.
ஒரு மேகத்துக்காகப் பதினொரு மணிவரை
கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.
லென்ஸ் வாடகை ஓடிக்கொண்டிருந்தது.

மணப்பெண்ணிடம்
முகவாயைக் கொஞ்சம் தூக்கும்மா என்பேன்.
கல்லிடம் அந்த வேலை இல்லை.
இடுப்பு உயரத்தில் மட்டும்
மாடுகள் உரசி உரசி மினுக்கிய ஒரு பட்டை.
கேமராவுக்கு அதுதான் தகராறு,
பளபளப்பை அது நம்பாது.

தோப்புக்காரர் தேசிங்கு வந்தார்.
"படம் புடிப்பீங்க, அப்புறம் போர்டு வெப்பாங்க,
போர்டு வெச்சா வேலி வரும்.
எங் கொட்டைய நான் யாரக் கேட்டுப் பொறுக்கறது?"
அப்படியெல்லாம் ஆகாது என்று
பிலோமினா சொல்லவில்லை.
தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.
அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்தார் தேசிங்கு.
"தானே புயல்ல எழுவது மரம் சாஞ்சுது எனக்கு.
இது மட்டும் கடங்குடுத்தவன் மாதிரி நின்னுச்சு."

கல்லடியில் வைத்த கறுப்பு வெள்ளை அளவுகோலை
ஓர் ஆடு இரண்டு தரம் முட்டி நகர்த்தியது.
திருப்பி வைத்தேன், குத்துமதிப்பாக.
பிலோமினாவிடம் சொல்லவில்லை.

அஞ்சலாட்சி கொட்டை பொறுக்கியபடி
படத்துக்குள் வருவதும் போவதுமாக இருந்தாள்.
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
ஒதுங்கிக்கம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

இரவு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் விசிறி
மாவு மில் மாதிரி இரைந்தது.
மூன்றரை மணிக்குக் கல் எழுந்தது.
ஐந்து டன் இருக்கும் என்று சொன்ன கல்
சுண்டுவிரலுக்குச் சுற்றியது.
விளையாட்டாகக் கவிழ்த்தேன்.
அடியில் பெரிய ஓட்டை,
உள்ளே ஒன்றுமே இல்லை, தோல்தான்.
மண்ணுக்குள் போன கால்பங்கை
எந்தப் படத்திலும் நான் எடுத்திருக்கவில்லை.

அசைந்ததை எல்லாம் மென்பொருள் கழித்துவிட்டது.
ஆடு போயிற்று. தேசிங்கு போனார்.
ஐம்பது அறுபது படங்களில் குனிந்திருந்த அஞ்சலாட்சி
இருந்த தடமே இல்லை.
ஆனால் கல்லை ஒட்டி
எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று,
மேலெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்து,
உட்கார்ந்திருந்தது.
காலையில் வைத்தாள்.
சாயங்காலம்தான் எடுத்தாள்.

விடிந்ததும் போன் போட்டேன்.
வாளியை அழித்துவிடட்டுமா அக்கா,
ஒரு நிமிஷ வேலைதான்.
அந்தப் பக்கம் மௌஸ் சத்தம் வெகுநேரம் கேட்டது.
"அளவுகோல் எங்கே?"
ஆட்டைப் பற்றிச் சொன்னேன்.
இன்னும் கொஞ்சம் மௌஸ் சத்தம்.
"வாளிய விட்டு வை," என்றார்,
"அதோட உயரம் எவ்வளவுன்னு கேட்டு வா.
அது தெரிஞ்சாத்தான் கல்லு உயரம் தெரியும்."

டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி தோப்புக்கு.
அஞ்சலாட்சி என்னையும் டேப்பையும் பார்த்தாள்.
வாளியில் பாதிச் சோறு இருந்தது.
அதை இலையில் கவிழ்த்துவிட்டு
முந்தானையால் ஒரு துடை துடைத்து நீட்டியவள்
சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"மூடியோடயா
மூடி இல்லாமயா?"