வளமையின் சுண்டுவிரல்

பஃபலோ நகரில், மெயின் தெருவில்
ஒரு வங்கி இருந்தது. இப்போது கல்யாண மண்டபம்.
வெண்கலக் கதவு மட்டும் இன்னும் வங்கிதான்.

இடது பாதியில் சிக்கனம்,
தேன்கூட்டை மடியில் வைத்திருக்கிறாள்.
மேலே உழைப்பு: சம்மட்டி, பற்சக்கரம்,
ஒருநாளும் வியர்க்காத மார்பு.
வலது பாதி முழுக்க வளமை.
பழம் பிதுங்கும் கொம்பை இடுப்பில் சாய்த்து
எங்கும் போக வேண்டியிராதவள் போல நிற்கிறாள்.

ஆண்டுக்கு இருமுறை மெழுகு பூச வருகிறேன்.
பளபளக்கத் தேய்ப்பதல்ல என் வேலை;
களிம்பை அது நிற்கும் இடத்திலேயே
நிறுத்தி வைப்பது.
சூட்டில் இளகிய மெழுகு
சேலை போன்ற அந்த மடிப்புகளுக்குள் ஓடி
விரல்களை ஒவ்வொன்றாய்க் கறுப்பாக்கும்.
கடைசியில் சுண்டுவிரல்.
வளைந்த சுண்டுவிரல்.
கிரேக்க மூக்கு, கிரேக்க நெற்றி,
அவற்றோடு ஒட்டாத ஒரு விரல்.

அப்பொலோனியா ரெம்பாலா.
சலவை ஆலையின் பிழியும் உருளை
பதினான்கு வயதில் கடித்தது.
சிற்பியின் கணக்கேட்டில் இருக்கிறாள்:
“மணிக்கு நாற்பது சென்ட். பழங்கள் மெழுகு.
கொம்புக்குப் பதில் கிராமபோன் குழல்.”
ஓரத்தில், வேறு மையில்:
“ரொட்டி கேட்டாள். கொடுத்தேன்.”

மூக்கை மாற்றியவன்
விரலை ஏன் விட்டான்?
மறந்தானோ, மனம் வரவில்லையோ.
அதை ஏட்டில் எழுதவில்லை.

முப்பத்தொன்றில் ஒரு திங்கட்கிழமை
கதவு திறக்கவில்லை.
புகைப்படம் ஒன்று உண்டு. தொப்பிகள், தொப்பிகள்,
பனிச்சேறு, தூக்கிப் பிடித்த சேமிப்புப் புத்தகங்கள்.
முன்னால், நெரிசலில்,
வளமையின் முழங்காலில் கன்னம் அழுந்தியபடி ஒருத்தி.
முகம் தெரியாது.
அவள்தான், அவள்தான் என்று
பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
போன மாதம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
கையுறை போட்டிருக்கிறாள்.

இன்று மாலை யாருக்கோ கல்யாணம்.
பரிமாற வந்த பையன் டெஷான்
காலர் பட்டனை அவிழ்த்துக்கொண்டு
கதவில் சாயப் போனான்.
“ஈரம்” என்றேன். நிமிர்ந்து பார்த்தான்.
“யார் இது?”
வளமை என்று சொல்ல வாயெடுத்து,
“சலவை ஆலையில் வேலை பார்த்தவள்” என்றேன்.
“எங்க அம்மாவும்” என்றான்.
எந்த ஆலை என்று நான் கேட்பதற்குள்
உள்ளே யாரோ கூப்பிட்டார்கள்.

இரவு மழை வருமாம்.
அதற்குள் இது இறுக வேண்டும்.